டெல்ஃபின் வீட்டு விலாசம்

டவுனின் மூன்றாம் தெருவில் டெல்ஃபினின் வீட்டில் இரண்டே படுக்கையறைகள். அவளும் ஒரு கிழட்டுப் பூனையும்தான் அங்கே வாழ்ந்தார்கள். ஆனால் அரசாங்கக் காகிதங்களை நம்பினால், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மிஸ்டிக் முனையின் பாதி ஜனம் அந்த வீட்டில்தான் குடியிருந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்கள், சக்கர நாற்காலி வேண்டியவர்கள், திக்கிப் பேசும் பிள்ளையைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்ப நினைத்தவர்கள் என்று எல்லோரும் ஒரு தடவையாவது அவள் விலாசத்தைக் கடன் வாங்கியிருந்தார்கள். தபால் நிலையத்துப் பெண் ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ஏன் டெல்ஃபின், உங்க வீட்டுல ராத்திரி எல்லாரும் நின்னுக்கிட்டே தூங்குவீங்களா?" டெல்ஃபின் அசரவில்லை. "காகிதத்துல இருக்கறவங்க என் ஃபிரிட்ஜைத் திறக்கறதில்ல, குறட்டையும் விடறதில்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாலம். ஆற்றுக்குத் தெற்கே டவுன். அங்கே நோயாளி மாகாணத்தின் பொறுப்பு. வடக்கே மிஸ்டிக் முனை; பூர்வகுடிகளான க்ரீ மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்; அங்கே நோயாளி மத்திய அரசின் பொறுப்பு. காரில் பாலத்தைக் கடப்பதற்குள் ரேடியோவில் ஒரு பாட்டுகூட முடியாது. முனையின் சுகாதார அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்டன் இதைத் தன் பாணியில் சொல்வான்: "நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி தாடிக்காரங்க சில பேர் உக்காந்து பாகம் பிரிச்சாங்க. ஆஸ்பத்திரியெல்லாம் மாகாணத்துக்கு, நாமெல்லாம் மத்திய அரசுக்கு. நமக்கும் உடம்புக்கு வரும்னு அங்க ஒருத்தனுக்கும் தோணல."

வெர்னா அந்தப் பேச்சைச் சிரித்தபடி கேட்டவள்தான். அவள் புருஷன் ஹெக்டருக்கு நுரையீரல் கெட்டித்துப்போகும் வரை அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

ஹெக்டர் லிங்க்லேட்டர் ஆற்றில் வலை போட்டுப் பிழைத்தவர். பனிக்கட்டியில் துளை போட்டு, நடுங்கும் குளிரில் வெறுங்கையால் வலை இழுத்தவர். அந்த மனிதருக்கு இப்போது சட்டைப் பொத்தான் போடவே மூச்சு போதவில்லை. டவுன் ஆஸ்பத்திரியின் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், இந்தக் குளிர்காலம் தாண்டுவது சந்தேகம் என்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். ஹெக்டர் தலையாட்டினார். டாக்டர் போனதும் வெர்னாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிழவி, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. அங்கயே உயிர் போகட்டும்."

"போலாம் கிழவா. அதுக்கு என்ன, இதோ இருக்கு வீடு."

அவ்வளவு சுலபமாகத்தான் வாக்குக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அப்பால் அவர்கள் வீட்டுக் கூரை தெரிந்தது.

வீட்டில் அவர் இருக்க வேண்டுமென்றால் இரண்டு தேவை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் பெரிய மெஷின் ஒன்று. சாயங்காலம் வந்து மார்ஃபின் ஊசி போட ஒரு நர்ஸ். இரண்டும் மாகாணத்திடம் இருந்தன. வீட்டுக்கு வந்து சிகிச்சை தரும் நர்ஸ் லொரெய்ன் நல்லவள். ஹெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"நான் வருவேன் வெர்னா. ஆனா பாலத்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் வரமுடியும். அந்தப் பக்கம் நான் ஊசி போட்டா இன்ஷூரன்ஸ் கிடையாது, என் வேலை போயிரும். உங்க பக்கத்து ஆபீஸ்ல கேளுங்க."

உங்கள் பக்கத்து ஆபீஸ் என்றால் எல்டன்தான். ஹெக்டரின் தங்கை மகன். அவன் ஏற்கெனவே மத்திய அரசுக்கு எழுதி, போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். முனையின் நர்சுகள் சாயங்காலம் ஆபீஸ் பூட்டியதும் போய்விடுவார்கள். சனி ஞாயிறு வரமாட்டார்கள். மெஷினுக்குத் தனி அனுமதி, ராத்திரி நர்சுக்குத் தனி அனுமதி. "இது மாகாணம் தரவேண்டியது இல்லையா?" என்று மத்திய அரசில் கேட்டார்கள். "இது மத்திய அரசு தரவேண்டியது" என்று மாகாணம் சொன்னது. எல்டன் இரண்டு பக்கமும் ஓடித் தொண்டை கட்டிப்போனான்.

"கொஞ்சம் பொறு அத்தை. மேல ஒரு பொம்பளை இருக்கா, அவ மனசு வச்சிட்டா. சீக்கிரம் வந்துரும்."

"எப்போ?"

"சீக்கிரம்."

அந்த 'சீக்கிரம்' எத்தனை பேரைப் புதைத்திருக்கிறது என்று வெர்னாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலோ கட்டில் வேண்டும் என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தெற்கே ஒரு நீண்டகாலப் பராமரிப்பு விடுதியில் இடம் இருக்கிறது, காரில் அரை நாள் தூரம் என்றார்கள். ஹெக்டர் அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் நடைவழியில் லொரெய்ன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு டவுன்ல ஒரு விலாசம் இருந்தா, இன்னிக்கு மத்தியானமே மெஷினை அனுப்பிருவேன்."

முனையில் பிறந்த யாரும் அந்த இடத்தில் யோசித்திருக்க மாட்டார்கள். மழை வந்தால் குடை விரிப்பதுபோல அது அவர்களுக்குப் பழகிய காரியம். வெர்னா மூச்சு விடாமல் டெல்ஃபினின் விலாசத்தைச் சொன்னாள். டெல்ஃபின் அவள் சித்தி மகள். அவளிடம் அனுமதி கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்தான் டெல்ஃபின் கோபித்திருப்பாள். எல்டனிடமும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. விலாசம் கடன் வாங்குவதையெல்லாம் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வது வழக்கமில்லை, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. மெஷின் டெல்ஃபின் வீட்டில் வந்து இறங்கும். இரண்டு நாள் கழித்து அதை பிக்கப் லாரியில் ஏற்றிப் பாலம் தாண்டிவிட வேண்டியதுதான். நடைவண்டிகளும் சக்கர நாற்காலிகளும் அப்படித்தான் முனைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் நடைவண்டிக்குச் சாயங்காலம் ஊசி போட வேண்டியதில்லை. லொரெய்ன் தினமும் வந்து கதவைத் தட்டுவாள். ஆள் இல்லையென்றால் மெஷினும் திரும்பிப் போகும், ஊசியும் நிற்கும். இது வெர்னாவுக்கு உறைத்தபோது ஹெக்டர் டெல்ஃபினின் கூடத்தில் படுத்திருந்தார். மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய் தரையில் ஓடி அவர் மூக்கில் முடிந்தது.

"எல்டனோட அனுமதி வர்ற வரைக்கும்தான்" என்றாள் வெர்னா.

"ஆமா, சீக்கிரம் வந்துரும்" என்றார் ஹெக்டர். கேலியா நம்பிக்கையா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். அது குளியலறையில் இருந்தது. இரண்டாம் நாளே ஹெக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மெஷினின் குழாய் சரியாக அதுவரை எட்டியது. சமையலறை நாற்காலி ஒன்றை உள்ளே போட்டு, மடியில் கம்பளியோடு உட்கார்ந்துகொள்வார். அக்கரையில், மரங்களுக்கு நடுவே, அவர் வீட்டுப் புகைபோக்கி தெரியும். குளிரில் வீடு உறைந்து தண்ணீர்க் குழாய்கள் வெடித்துவிடாமல் இருக்க எல்டன் தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கே போய் அடுப்பு மூட்டிவிட்டு வருவான். அந்தப் புகையைப் பார்ப்பதுதான் ஹெக்டருக்கு உத்தியோகம்.

"மச்சான், எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க? வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க, ஞாபகம் இருக்கா?" என்று டெல்ஃபின் கதவைத் தட்டுவாள்.

"நீதான் பாதி ஊரையே குடிவச்சிருக்கியே. அவங்களெல்லாம் வரிசையில நிக்கறாங்களா?"

"நிக்கறாங்க. காகிதத்துல நிக்கறாங்க. எனக்கு நெசமாவே அவசரம்!"

அவர் சிரிப்பார், சிரிப்பு இருமலாகும், இருமல் அடங்க வெகுநேரம் ஆகும். வெர்னா முதுகைத் தடவிக்கொண்டே டெல்ஃபினை முறைப்பாள். டெல்ஃபின் அதற்கெல்லாம் மசிய மாட்டாள். மச்சானைக் கேலி செய்யாத கொழுந்தியாள் க்ரீ வீடுகளில் கிடையாது. சாகக் கிடக்கிறார் என்று கேலியை நிறுத்தினால், அதுதான் அவருக்குச் செய்யும் பெரிய அவமரியாதை என்று அவள் நினைத்தாள். அவள் நினைத்தது சரியென்றே படுகிறது. பிறகு அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவாள்.

"பாரு கிழவி, அந்தப் படிச்ச மடையனை" என்பார் ஹெக்டர், ஜன்னலைக் காட்டி. "பச்சைப் பாப்ளர் விறகைப் போடறான். புகையைப் பாரு, அழுக்குத் துணி மாதிரி. புகைபோக்கியில தார் படிஞ்சு வீடே பத்திக்கும்."

"சொல்றேன், சொல்றேன்."

"மீன் கொட்டகைக்குப் பின்னாடி காஞ்ச டாமரக் கட்டை அடுக்கியிருக்கேன். அதை எடுக்கச் சொல்லு. இல்ல, வேணாம். நான் வந்து எரிக்கிறேன்."

அந்த விறகை அவர் போன வசந்தத்தில், மூச்சுக்குத் தெம்பு இருந்தபோது, தானே பிளந்து அடுக்கியது. அதை அவர் எதற்குச் சேர்த்து வைக்கிறார் என்று வெர்னா கேட்டதில்லை.

எல்டன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தான். பூட்சைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் டெல்ஃபின் டீக் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

"வந்துச்சு அத்தை" என்றான். "புதன்கிழமை வந்துச்சு. மெஷின், சாயங்கால நர்ஸ், சனி ஞாயிறுக்கும் சேர்த்து. நம்ம முனைக்கு இப்படி வந்ததே இல்ல. அந்தப் பொம்பளை சண்டை போட்டு வாங்கியிருக்கா."

வெர்னாவின் கை வாய்க்குப் போனது. "அப்போ போலாமா?"

"இன்னிக்குக் காலைல நிறுத்திட்டாங்க." "கம்ப்யூட்டர்ல பாத்திருக்காங்க. மாமா டவுன்ல குடியிருக்கறதா இருக்கு. முனையில குடியிருக்கறவங்களுக்குத்தான் அந்தத் திட்டம். டவுன்காரங்கன்னா மாகாணம் பாத்துக்கணும்... விலாசம் குடுக்கறதுக்கு முன்னாடி ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."



"விலாசத்தைத் திருப்பி மாத்திரலாம்" என்றாள் வெர்னா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இப்பவே மாத்து."

"மாத்தினா இன்னிக்கே மாகாணம் மெஷினை எடுத்துட்டுப் போயிரும். மத்திய அரசு மறுபடியும் முதல்லேர்ந்து பாக்கும். ரெண்டு வாரம், மூணு வாரம்... அந்த இடைவெளியில..." அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை. மெஷினைக் கழற்றினால் மாமா எவ்வளவு நேரம் தாங்குவார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெர்னா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு அரசாங்கங்களும் அவரை வீட்டுக்கு வரவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தபோதுகூட ஒரு கதவு திறந்தது. அதைச் சாத்தியது அவள். அவரைக் கட்டிய நாளிலிருந்து அவருக்காக அவள் அவசரப்பட்டுச் செய்த காரியங்கள் எத்தனையோ. இது ஒன்றை மட்டும் பொறுத்திருந்து செய்திருக்கலாம். நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஹெக்டருக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

ஹெக்டர் எல்லாவற்றையும் குளியலறையிலிருந்து கேட்டிருந்தார். "எல்டன், இங்க வாடா" என்று கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல அந்தப் பாப்ளர் குப்பையைப் போடாதே. கொட்டகைக்குப் பின்னாடி டாமரக் இருக்கு. அதைப் போடு."

"அது நீ வச்சிருக்கறது மாமா."

"நான்தான் டவுன்காரன் ஆயிட்டேனே. டவுன்காரனுக்கு எதுக்குடா விறகு?"

டெல்ஃபின் வாய்விட்டுச் சிரித்தாள். எல்டனும் சிரித்தான். வெர்னாவால் முடியவில்லை. அவர் அவளுக்காகத்தான் அந்தப் பேச்சைப் பேசினார் என்பது அவளுக்குத் தெரிந்ததால் இன்னும் வலித்தது.

சாயங்காலம் லொரெய்ன் ஊசி போட்டுவிட்டுப் போனபின் ஹெக்டர் வெர்னாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்று மாகாணம் கொடுத்த சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கதவருகே இருந்தது. அதைக் கண்ணால் காட்டினார்.

"அது எவ்வளவு நேரம் வரும்?"

"லொரெய்ன்கிட்ட கேட்டேன். உனக்கு வேண்டிய வேகத்துல வச்சா, பாதிரியார் பிரசங்கம் முடியற வரைக்கும்."

"நம்ம பாதிரியார் நல்லா இழுப்பாரே." அவர் மூச்சு வாங்கினார். "அது போதும் கிழவி. வீட்டுக்குப் போயிருவோம்."

"என்னால முடியாது" என்றாள். "உன்னைக் கூட்டிட்டுப் போய் நானே... முடியாதுப்பா. குளிர் கொஞ்சம் குறையட்டும். ரெண்டு நாள் பொறு."

அவர் வற்புறுத்தவில்லை. "சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். குளிர் ஒரு சாக்கு என்பது இருவருக்கும் தெரியும். இன்னும் இரண்டு நாள் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு. அந்த ஆசையைத் தப்பென்று யார் சொல்வது?

ஆனால் அவள் தூங்கவில்லை. விடியும்போது முடிவெடுத்துவிட்டாள். கேட்டது ஒன்றுதான், அதையாவது கொடுக்க வேண்டும். அவர் எழுந்து குளியலறைக்குப் போன சத்தம் கேட்டது. அவள் வெளியே போய் பிக்கப்பின் என்ஜினைச் சூடாக்க ஓடவிட்டாள். இருக்கையில் முயல்தோல் கம்பளியை விரித்தாள். உள்ளே வந்து அவருடைய பெரிய பார்கா கோட்டையும் மயிர் வைத்த தொப்பியையும் எடுத்தாள். சிலிண்டரின் திருகைச் சரிபார்த்தாள். டெல்ஃபின் தெர்மாஸில் டீ ஊற்றினாள்.

"கிழவா, எழுந்திரு. போலாம்" என்று சொல்லிக்கொண்டே வெர்னா குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றி ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அக்கரையில் எல்டன் டாமரக்கை மூட்டியிருந்தான்; புகை மெல்லிசாக, வெள்ளையாக, நேராக மேலே போனது. ஹெக்டர் அதைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்தது. குழாயில் காற்று இன்னும் வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வெர்னா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பார்காவை அவர் தோளில் போர்த்தினாள். வெளியே பிக்கப் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து டெல்ஃபின் போய் அதை நிறுத்தினாள்.

லொரெய்ன் வந்து நாடி பார்த்தாள், மரணப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். வழக்கமான குடியிருப்பு என்ற இடத்தில் மூன்றாம் தெரு என்று எழுதும்போது அவள் தயங்கினாள். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. வெர்னா, "எழுதுங்க" என்றாள். ஹெக்டர் காகிதத்தில் டவுன்காரராகவே செத்தார்.

மத்தியானம் அவரைப் பாலத்துக்கு மேலே கொண்டுபோனார்கள். அனுமதி கேட்பாரில்லை, தடுப்பாரில்லை. செத்த உடம்பு மாகாணமா மத்திய அரசா என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. அவருடைய அறையில், அவருடைய கட்டிலில், வெர்னா முன்பே விரித்து வைத்திருந்த வெளுத்த விரிப்பில் கிடத்தினார்கள். டாமரக் அடுப்பில் வெடித்து எரிந்தது. ஜனங்கள் மூஸ் மான் இறைச்சிச் சூப்பும் பானக் ரொட்டியுமாக வந்தார்கள். க்ரீ மொழியில் பாட்டுப் பாடினார்கள். நடுநடுவே அவர் செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரித்தார்கள். வெர்னா வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கல்லு மாதிரி இருக்காளே" என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதிலேயே விழுந்தது.

இருட்டத் தொடங்கியபோது வாசலில் ஒரு கார் நின்றது. லொரெய்ன் வேலை முடிந்து, யூனிஃபார்ம் மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கேக்கோடு வந்திருந்தாள். டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். பாலத்தைத் தாண்டி வந்தது இதுதான் முதல் தடவை என்று கூச்சத்தோடு சொன்னாள். வழி தவறிவிடுமோ என்று பயந்து சீக்கிரமே கிளம்பினாளாம்.

வெர்னா அவளை ஹெக்டரிடம் கூட்டிப்போனாள். லொரெய்ன் அவர் கையை, ஆஸ்பத்திரியில் பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தபோது கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணில் பட்டது. உறைந்த ஆற்றுக்கு அப்பால், கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, ஒரு சின்ன மஞ்சள் சதுரம் எரிந்தது.

"அது என்ன வெளிச்சம்?"

"டெல்ஃபின் வீட்டுக் குளியலறை. அணைக்க மறந்துட்டா" என்றாள் வெர்னா.

லொரெய்ன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். தான் தினமும் வந்து நின்ற வீடு அது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டிலைப் பார்த்தாள். மறுபடியும் வெளிச்சத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கள்ளமில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?" என்றாள்.

வெர்னா ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதுவரை அழாதவள், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பாட்டெல்லாம் நின்றுபோகும்படி வாய்விட்டு அழுதாள்.